பழைய காரின் மூச்சும் உணவும்

மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும் அந்தக் கார் நம் ஊர்களிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. தாத்தா வாங்கியதை விற்க மனமின்றி வைத்திருப்போர் உண்டு. பழைய வண்டியைத் தேடிப் பிடித்துச் செப்பனிடும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் கேட்கும் வினாக்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய கார்புரேட்டர் பொருத்தினால் வேகம் கூடுமா? வேறு எஞ்சினே போட்டுவிடலாமா? எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை இந்தக் கார் தாங்குமா? கையில் இருக்கும் பணம் கொஞ்சந்தான். அதை முதலில் எதில் செலவிடுவது?

மேல்நிலைப் பள்ளியில் நீங்கள் படித்த இயற்பியலைக் கொண்டே இவ்வினாக்களுக்கு விடை காணலாம். முயன்று பார்ப்போமா?

எஞ்சின் ஒரு காற்றுப் பம்பு

பெட்ரோல் எஞ்சினைப் பெட்ரோல் குடிக்கும் பொறி என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பெட்ரோலைப்போல் பல மடங்கு எடையுள்ள காற்றைக் குடிக்கிறது. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசை எஞ்சின். அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 88.9 மில்லிமீட்டர். இவற்றிலிருந்து கன அளவைக் கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு 372 கன செ.மீ. வீதம் நான்குக்கும் 1,489 கன செ.மீ. வரும்.

இது நான்கு வீச்சு எஞ்சின். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 4,200 சுற்று சுழலும்போது அது இழுக்கக்கூடிய காற்று ஏறத்தாழ 3,130 லிட்டர். ஆனால் காற்று வடிகட்டி, கார்புரேட்டர், வளைவான குழாய், குறுகிய வால்வு ஆகிய எல்லாத் தடைகளையும் கடந்து வருவதால், முக்கால் பங்கு உள்ளே வந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது 2,345 லிட்டர். நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிராம். எனவே நொடிக்குச் சுமார் 45 கிராம் காற்று கிடைக்கிறது.

முழு ஆற்றலோடு ஓடும்போது 13 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் வேண்டும். ஆகவே நொடிக்கு 3.5 கிராம் பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஒரு கிராம் பெட்ரோல் தரும் வெப்பம் 43 கிலோஜூல். மொத்தம் 150 கிலோவாட். அதில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. கால் பங்கு என்றால் 37.5 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன். அம்பாசடர் எஞ்சினின் ஆற்றல் என்று சொல்லப்பட்டதும் சுமார் 50 குதிரைத்திறன்தான்!

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிப் பயனில்லை. உள்ளே வந்த காற்றின் அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும், மிஞ்சியது கரும்புகையாகும். எஞ்சினின் வலிமையைத் தீர்மானிப்பது அதன் மூச்சு. எரிபொருள் அந்த மூச்சுக்கு ஏற்ற உணவு.

ஒரே எஞ்சின், இரண்டு கார்கள்

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1955-இல் இங்கிலாந்தில் 'எம்.ஜி.ஏ.' என்னும் சிறிய பந்தயப் பாங்கான கார் வெளிவந்தது. அதில் இருந்ததும் இதே 1,489 கன செ.மீ. 'பி' வரிசை எஞ்சின்தான். ஆனால் ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். உயர்ந்த அழுத்த விகிதம். வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டு. அதன் ஆற்றல் முதலில் 68, பின்னர் 72 குதிரைத்திறனாக இருந்தது.

50 எங்கே, 72 எங்கே! இந்த வேறுபாடு எப்படி வந்தது? ஆற்றல் என்பது திருப்பு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. எம்.ஜி.ஏ. தன் உச்ச ஆற்றலை நிமிடத்துக்கு 5,500 சுற்றில் தந்தது. அம்பாசடர் 4,200 சுற்றையொட்டித் தந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: அவ்விடங்களில் திருப்பு விசை கூடியது 10 விழுக்காடே, சுழற்சி கூடியதோ 31 விழுக்காடு. மிகு வேகத்திலும் மூச்சுத் திணறாமல் இருந்ததே அந்தக் காரின் சிறப்பு.

இதைப் படித்தவுடன் இரண்டு கார்புரேட்டர் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். நம் சாலைகளில் ஓடும் குடும்பக் கார் 5,500 சுற்றை எட்டும் நேரம் எவ்வளவு? பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் அது ஓடுகிறது. அந்த இடத்தில் எம்.ஜி.ஏ.யின் அனுகூலம் மிகச் சிறிது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உங்கள் காரின் முதுமையிலேயே ஒளிந்திருக்கக் கூடும். முதலில் அதை மீட்போம்.

இழந்ததை மீட்டல்

எஞ்சினின் நிலையை அறிய எளிய கருவி அழுத்தமானி. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். நான்கும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் தேய்ந்திருப்பது பிஸ்டன் வளையம். ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. உயராவிட்டால் கசிவு வால்வில் இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் போயிருக்கக் கூடும். வால்வைத் தேய்த்து உட்கார வைப்பதும் கேஸ்கட் மாற்றுவதும் புதிய எஞ்சினின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

அடுத்தது தீப்பொறி. எரிகலவை பற்றிக்கொண்டு முழுதும் எரியச் சுமார் 2 மில்லிநொடி ஆகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கிராங்க் தண்டு ஒரு மில்லிநொடியில் 18 பாகை திரும்பிவிடும். எரிந்து முடிவதற்குள் 36 பாகை! அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி தோன்ற வேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூட இன்னும் முந்த வேண்டும். இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளும் சுருள்வில்களும் செய்கின்றன. வில் தளர்ந்து, தண்டு ஆடத் தொடங்கினால் பொறி கண்டபடி தோன்றும். 4,200 சுற்றில் நொடிக்கு 140 பொறிகள் வேண்டும் என்பதை நினைத்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைச் செப்பனிட்டு, பாயின்ட்டுகளுக்குப் பதில் காந்தப் புலத்தை உணரும் மின்னணுப் பொறியமைப்பு ஒன்றைப் பொருத்துவது, குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் மாற்றம்.

கார்புரேட்டர் அளவு பெரிதானால்

குழாயின் குறுகிய இடத்தில் காற்று விரையும். விரையும் இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னூலி தத்துவம் இது. அந்த அழுத்தக் குறைவே கிண்ணத்திலுள்ள பெட்ரோலை 'ஜெட்' என்னும் நுண்துளை வழியாக உறிஞ்சி, நுண்துளிகளாகச் சிதறச் செய்கிறது. சோலெக்ஸ் போன்ற கார்புரேட்டர்களில் இந்தக் கழுத்தின் அளவு மாறாது.

இப்போது கழுத்தின் விட்டத்தை 20 விழுக்காடு பெரிதாக்குவோம். பரப்பு 1.44 மடங்காகும், ஆகவே காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறையும். அழுத்தக் குறைவு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், உறிஞ்சும் விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குறைந்த வேகத்தில் பெட்ரோல் சரியாகச் சிதறாது, கார் தயங்கும், குடிக்கும் பெட்ரோலும் கூடும். பெரிய கார்புரேட்டரைப் பொருத்திய பலர் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் இதுவே.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலுக்குச் சகோதரர்கள் இருவர் ஓர் அழகிய தீர்வு கண்டனர். காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்களின் எஸ்.யு. கார்புரேட்டரில் கழுத்தின் அளவு தானாக மாறும். காற்று கூடினால் ஓர் உந்தி மேலே எழுந்து வழியை அகலமாக்கும், குறைந்தால் இறங்கும். உந்தியோடு சேர்ந்து எழும் கூம்பு வடிவ ஊசி பெட்ரோலையும் அதற்கேற்ப அளந்து விடும். தொடக்கக் கால அமைப்புகளில் அந்த வேலையைச் செய்தது தோல் துருத்தி! அம்பாசடர்களில் எஸ்.யு. வகையும் உண்டு, சோலெக்ஸ் வகையும் உண்டு. தேய்ந்துபோன ஊசி, ஜெட், தண்டின் புதை உருளை ஆகியவற்றை மாற்றி இருப்பதையே புதுப்பிப்பது, பெரியதை வாங்குவதைக் காட்டிலும் அறிவுடைமை.

இன்றைய பெட்ரோல்

நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய கார்புரேட்டருக்கு இது எப்படிப்பட்ட உணவு?

எத்தனால் மூலக்கூற்றின் நிறை 46. அதில் 16 ஆக்சிஜன். எரியத் தேவையான ஆக்சிஜனில் ஒரு பகுதியை அது தன்னோடே கொண்டு வருகிறது. அதனால் 1 கிராம் எத்தனால் முழுதும் எரிய 9 கிராம் காற்று போதும், பெட்ரோலுக்கோ 14.7 கிராம் வேண்டும். இரண்டும் சேர்ந்த இன்றைய கலவைக்கு 13.5 கிராம். அதாவது, அதே அளவு காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு கூடுதலாக எரிபொருள் செல்ல வேண்டும். புதிய கார்களில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி இதைக் கண்டறிந்து திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஆகவே கலவை மெலிந்துபோகும், கார் விட்டுவிட்டு இழுக்கும், சூடும் ஏறலாம். ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலும் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு.

இதற்கு மருந்து மிக மலிவானது. சோலெக்ஸ் ஜெட்டின் மீதுள்ள எண் அதன் துளை விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 125 எண்ணுள்ள ஜெட்டைப் போட்டால் துளையின் பரப்பு 8.5 விழுக்காடு கூடுகிறது. நமக்கு வேண்டியது ஏறத்தாழ அதுவே! உங்கள் காரின் எண் வேறாக இருக்கலாம்; கணக்கு மாறாது. ஆனால் பழைய கார்களைச் சற்றுச் செறிந்த கலவையிலேயே வைத்திருப்பதும் உண்டு. ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்துப்போயிருந்தால் கலவை மெலிவு. கரி படிந்து கறுத்திருந்தால் செறிவு. இளம் பழுப்பானால் சரி. எஸ்.யு. வகையில் உந்தியை ஒரு மில்லிமீட்டர் அளவே மெல்லத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் செறிவு. அணையப் பார்த்தால் மெலிவு.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 விழுக்காடே. அளவு மாறாத ஜெட் உள்ள கார்புரேட்டரில் கலவை அங்கே 12 விழுக்காடு செறிந்துவிடும். ஆகவே சமவெளியில் எத்தனால் பெட்ரோலால் தயங்கும் கார், உதகையில் கலவையளவில் ஏறக்குறைய சரியாகிவிடும்! மூச்சுக் காற்று குறைந்ததால் ஆற்றல் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

தீயும் நீரும்

கலவையைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்நாளைய ரப்பர்க் குழாய்களும், இதழ்த்தகடுகளும், தக்கைக் கேஸ்கட்டுகளும் எத்தனாலைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டால் சில ரப்பர்கள் ஊதும். பின்னர் உலர்ந்து வெடிக்கும். 'பி' வரிசை எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக் குழாய்த்தொகுதியும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. வெடித்த குழாயிலிருந்து சொட்டும் பெட்ரோல் எங்கே விழும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பழைய கார்கள் சாலையில் தீப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு வழி. எஞ்சினால் இயங்கும் பெட்ரோல் பம்பு இருந்தால், அதன் இதழ்த்தகடு கிழியும்போது பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்த்துவிடும். ஆயில் அளவு தானாக உயர்ந்தாலோ, அதில் பெட்ரோல் நெடி அடித்தாலோ உடனே வண்டியை நிறுத்துங்கள்.

எத்தனால் நீரை விரும்பி ஏற்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் தொட்டியில் நீர் சேர்ந்தால், ஓர் அளவுக்கு மேல் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! தொட்டியில் துருவும் ஏறும். போதாக்குறைக்கு, பல்லாண்டுக் கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும்.

ஆகவே தொட்டி முதல் கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களையும் ஃப்ளூரோஎலாஸ்டோமர் உட்பூச்சுள்ள, எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். பம்பின் இதழ்த்தகடு, கிண்ணத்தின் கேஸ்கட் ஆகியவற்றையும் அவ்வாறே மாற்றுங்கள். தொட்டியைத் துப்புரவு செய்யுங்கள். வடிகட்டியைச் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். கார்புரேட்டருக்கும் புகைக் குழாய்த்தொகுதிக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். காலித் தொட்டிக்கு நெருப்புப் பற்றவைப்பு செய்வது உயிருக்கே ஆபத்து. ஆவி நிறைந்த காலித் தொட்டி வெடிகுண்டுக்குச் சமம்.

ஈயமும் அழுத்த விகிதமும்

முன்னாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். அது நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. நாட்டுக்கு நன்மை; ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு ஒரு துன்பம். எரிந்த ஈயம் வால்வு இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, சூடான வால்வும் இருக்கையும் நுண்ணிய அளவில் ஒட்டிப் பிய்ந்துவிடாமல் காத்து வந்தது. அந்தப் படலம் இல்லாததால், நெடுநேரம் விரைந்து ஓட்டினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். இதை அறியச் செலவே இல்லை: வால்வு இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால் தேய்மானம் நடக்கிறது என்று பொருள். ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் புகைவால்வுகளுக்குப் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது.

ஹெட்டைக் கழற்றியபோதே அழுத்த விகிதத்தை உயர்த்தலாமா? எடுத்துக்காட்டாக 7.2-லிருந்து 8.3-க்கு உயர்த்த, எரியறையின் கன அளவை 60 கன செ.மீ.யிலிருந்து 51 ஆகக் குறைக்க வேண்டும். ஆட்டோ சுழற்சியின் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் வெப்பத்திறன் 54.6-லிருந்து 57.1 விழுக்காடாக உயர்கிறது. அதாவது முன்பிருந்ததைப்போல் 1.05 மடங்கு. எத்தனால் பெட்ரோலின் ஆக்டேன் எண் உயர்ந்தது. ஆதலால் இவ்வளவு உயர்வால் 'நாக்கிங்' என்னும் தட்டல் எளிதில் வராது. அதன் கெடுதிக்கு இடையில் இது ஒரு நன்மை. ஆனால் இந்த 5 விழுக்காட்டுக்காக மட்டும் நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

பெரிய மாற்றங்கள்

வேறு எஞ்சின் பொருத்துவோர் கியர்ப்பெட்டி, ரேடியேட்டர், எஞ்சின் தாங்கிகள், பிரேக் ஆகியவற்றையும் மாற்ற நேர்கிறது. செலவு அங்கேதான் பெருகும். மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் கலவையைத் தானாகத் திருத்திக்கொள்ளும் என்பது மெய். ஆனால் கார்புரேட்டருக்குக் கால் வளிமண்டல அழுத்தமே போதியதாயிருக்க, இதற்குச் சுமார் 3 வளிமண்டல அழுத்தம் தரும் பம்பும், அதைத் தாங்கும் குழாய்களும், தொட்டிக்குத் திரும்பும் வழியும் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வாகனங்கள் தொன்மை வாகனமாகப் பதிவு பெறலாம். அதற்கு வாகனம் தன் மூல உருவில் பெரிய மாறுதலின்றி இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றியவர் அந்த வாய்ப்பை இழக்கக் கூடும்.

ஆகவே கைப்பணத்தைச் செலவிடும் வரிசை இதுவாகட்டும். முதலில், உயிர் காக்கும் குழாய்களும் வடிகட்டியும். இரண்டாவது, அழுத்தச் சோதனையும் அது காட்டும் கசிவைச் சரிசெய்தலும். மூன்றாவது, தீப்பொறி. நான்காவது, கார்புரேட்டரைப் புதுப்பித்து இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற ஜெட் பொருத்துதல். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் வால்வு இருக்கைகள். இத்தனைக்கும் பிறகு பணம் மிஞ்சினால் பிறவற்றை எண்ணலாம். பெரும்பாலோர்க்கு அதற்குள் கார் நன்றாகவே ஓடத் தொடங்கிவிடும். மூச்சும் உணவும் பொறியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும்போது, அந்தப் பழைய எஞ்சின் தனக்கென வகுக்கப்பட்ட 50 குதிரைத்திறனைக் குறைவின்றித் தரும்.